சிங்கிளா, டபுளா: சேலத்துப் பிள்ளைக்கு எந்த பிரெஞ்சு ஹார்ன்?

பேண்ட் செட்டுக்கு வேண்டிய ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் நாலு பேரைக் கேட்டால் சேலத்திலேயே கைக்கு வந்துவிடும். பிரெஞ்சு ஹார்ன் அப்படி வராது. படத்தைப் பார்த்து, பணத்தைக் கட்டி, பார்சல் வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் என்ன வாங்கினோம் என்றே தெரியும். தப்பான ஹார்னை வாங்கிவிட்டால் திருப்பி விற்க உள்ளூரில் ஆள் தேட வேண்டும். போதாக்குறைக்கு, ரோட்டரி வால்வில், அதாவது மேலும் கீழும் போகாமல் சுழலும் வால்வில், கை பழகிய பழுதுக்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கப்போவதில்லை. அதனால் இங்கே ஹார்ன் தேர்ந்தெடுக்க முதல் கேள்வி, அதில் பழுது வந்தால் எவ்வளவு தூரம் வீட்டிலேயே சரிசெய்ய முடியும் என்பதுதான். ஓசை, பளபளப்பு, பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகு.

பத்து வயதில் தொடங்கும் பிள்ளை, ட்ரம்பெட்டிலிருந்து மாற நினைக்கும் கல்லூரி மாணவர், ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷன் வரை போக ஆசைப்படுபவர் ஆகிய மூவரை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது.

நாலு கட்டையா, ஆறரைக் கட்டையா

ஹார்னில் அடிப்படையாக இரண்டு நீளங்கள் உண்டு. எஃப் ஹார்னின் குழலை நீட்டினால் சுமார் 3.7 மீட்டர் வரும். நம் கணக்கில் நாலு கட்டை. பி ஃபிளாட் ஹார்ன் சுமார் 2.75 மீட்டர், ஆறரைக் கட்டை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் சிங்கிள். இரண்டையும் ஒரே உடம்பில் சுற்றி, இடது கட்டைவிரலுக்கு ஒரு நெம்புகோல் வைத்து மாற்றிக்கொள்ள விட்டால் டபுள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் ஃப்ரிட்ஸ் க்ருஸ்பேயின் பட்டறையில் இந்த டபுள் உருவானது. ஆர்க்கெஸ்ட்ராக்களில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அதன் வழிவந்ததுதான்.

எதற்கு இரண்டு குழல்? ட்ரம்பெட்காரர் தன் குழலின் கீழ்ப்பகுதி ஹார்மோனிக்குகளில், அதாவது ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும் படிகளில், வாசிக்கிறார். ஹார்ன்காரர் வாசிப்பது மேல்பகுதியில். அங்கே படிகள் நெருங்கி இருக்கும். எஃப் ஹார்னில் ஸ்டாஃபுக்கு (ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகளுக்கு) மேலே எழுதப்படும் ஜி, வால்வு எதுவும் அழுத்தாமல் 12-ஆவது ஹார்மோனிக். அதற்குக் கீழே 11-ஆவது படி 150 சென்ட் தூரத்தில், அதாவது ஒன்றரை அரைச்சுர இடைவெளியில், நிற்கிறது. அதே ஜி பி ஃபிளாட் பக்கத்தில் 9-ஆவது ஹார்மோனிக். கீழ்ப்படி 204 சென்ட் தள்ளி இருக்கிறது. இன்னும் மேலே போய் உச்சத்து சி வந்தால், எஃப் ஹார்னில் அது 16-ஆவது படி, கீழே வெறும் 112 சென்ட். பி ஃபிளாட்டில் 12-ஆவது படி, 150 சென்ட். உதடு ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துப் படியில் விழுந்து சத்தம் உடையும். அதைத்தான் 'கிராக்' என்கிறார்கள். பி ஃபிளாட்டில் அது கொஞ்சம் குறையும். அது மந்திரமில்லை, குழல் சின்னது என்பதால் கிடைக்கும் இடைவெளி, அவ்வளவுதான்.

கீழே இறங்கினால் கதை திரும்பும். மூன்று வால்வு மட்டும் உள்ள சிங்கிள் பி ஃபிளாட்டில், எழுதப்படும் தாழ் பி-க்குக் கீழே சில ஸ்வரங்கள் இல்லவே இல்லை. அடுத்து கிடைப்பது குழலின் அடி ஸ்வரமான பெடல் எஃப்தான். இரண்டாம், நாலாம் ஹார்ன் பகுதிகள் அந்த இடத்தில்தான் திரியும். இன்னொரு சங்கடம், கையால் பெல்லை, அதாவது குழலின் விரிந்த வாயை, அடைத்து வாசிக்கும் 'ஸ்டாப்டு' ஸ்வரங்கள். எஃப் ஹார்னில் அடைத்தால் சரியாக அரைச்சுரம் ஏறும். அரைச்சுரம் கீழே விரல் வைத்து வாசித்தால் கணக்கு நேராகிவிடும். பி ஃபிளாட் குழல் சின்னது என்பதால் அதே கை சுமார் முக்கால் முழுச்சுரம் ஏற்றிவிடும். அதற்கென்று தனி ஸ்டாப்பிங் வால்வு இருந்தால்தான் சுருதி சேரும்.

இனி தீர்ப்பு. ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்கு சிங்கிள் போதும். டபுளின் எடை சுமார் இரண்டரை கிலோ. அதைத் தொடையில் சாய்த்துப் பிடித்தாலும் இடது மணிக்கட்டு வலித்து, ஹார்ன் சரிந்து, மவுத்பீஸ் உதட்டில் கோணலாக உட்காரும். அந்தக் கோணல் பழகிவிட்டால் பிற்பாடு திருத்த ஒரு வருஷம் பிடிக்கும். சிங்கிளில் எஃப்-ஐயே முதலில் பார்க்கச் சொல்வோம். ஹார்னின் நிறம் என்னவென்று காது அங்கேதான் கற்கும். பக்கத்தில் இருக்கும் ட்ரம்பெட் வாத்தியாருக்கும் அதன் விரல் வைப்பு ஓரளவு பழக்கமாக இருக்கும். எஃப், ஜி, ஏ, பி, சி எல்லாம் ட்ரம்பெட்டைப் போலவே வரும். டி, ஈ இரண்டில்தான் மாறும். ஸ்டாஃபின் அடியில் ட்ரம்பெட் டி என்றால் ஒன்றும் மூன்றும். ஹார்னில் ஒன்று மட்டும். ட்ரம்பெட் ஈ ஒன்றும் இரண்டும். ஹார்னில் திறந்தே வரும். இதை முதல் வாரமே வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளை மெலிந்த உடம்பு, நீளமாக ஊதினால் தலை சுற்றுகிறது என்றால் பி ஃபிளாட் சிங்கிள் சரி. யமஹாவில் 314 எஃப் சிங்கிள், 322 பி ஃபிளாட் சிங்கிள்; எண்ணைப் பார்க்காமல் 'யமஹா சிங்கிள்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டிவிட்டதா? நடுவில் சிங்கிள் வாங்கிப் பணத்தைப் பிரிக்காதீர்கள். நேராக ஃபுல் டபுளுக்குப் போய்விடுவதே மேல். கட்டைவிரல் எங்கே மாற வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே பழகட்டும். ஸ்டாஃபின் இரண்டாம் கோட்டு ஜி வரை எஃப் பக்கம், ஜி ஷார்ப்பிலிருந்து மேலே பி ஃபிளாட் பக்கம் என்பது பொது வழக்கம்.

இது ஹார்னே இல்லை என்று எப்போது சொல்லலாம்

பள்ளி ஸ்டோர் ரூமிலோ தேவாலயத்து அலமாரியிலோ 'ஒரு பழைய பிரெஞ்சு ஹார்ன் இருக்கு, எடுத்துக்கோங்க' என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படும் முன் ஒரு விஷயம் பாருங்கள். வால்வை அழுத்துவது எந்தக் கை? வலது கை என்றால் அது பெரும்பாலும் மெலஃபோன். வட்டமாகச் சுற்றி, பெல் அகலமாக, பார்வைக்கு அச்சு அசல் ஹார்ன் போலவே இருக்கும். ஆனால் குழல் நீளம் எஃப் ஹார்னில் பாதி. உதட்டுக்கு வேறு பழக்கம், காதுக்கு வேறு ஓசை. அணிவகுப்புக்கு நல்ல கருவி. ஹார்ன் கற்க உதவாது. பேண்டில் 'ஹார்ன்' என்று அழைக்கப்படும், பெல் மேல்நோக்கிய ஈ ஃபிளாட் டெனர் ஹார்னும் இதே கதைதான். இலவசம் என்பதற்காக இரண்டு வருஷம் அதில் பழகுவதைவிட ஹார்ன் கிடைக்கும்வரை வெறும் மவுத்பீஸில் பழகலாம்.

புது டபுளா, பழைய பிராண்டா

ஒரே பணத்துக்கு இரண்டு வழிகள் வரும். பெயர் தெரியாத புது டபுள் ஒன்று. யமஹா 567, ஹோல்டன் 179, கான் 8டி, ஹான்ஸ் ஹோயர் போன்ற பெயருள்ள, பதினைந்து இருபது வருஷம் ஓடிய பழையது இன்னொன்று. புதுசில் பளபளப்பும் உறையும் புது மவுத்பீஸும் கிடைக்கும். ஆனால் ரோட்டருக்கும் அதன் கூட்டுக்கும் இடையே துல்லியம் குறைவாக இருந்தால் காற்று கசியும். மேல் ஸ்வரங்கள் ஒட்டாது. வாசிப்பவர் தன் உதடுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே இருப்பார். உதிரிபாகம் பொருந்துவதும் சந்தேகம். 'ஒரு வருஷம் ஊதிப் பார்ப்போம், ஒட்டாவிட்டால் விட்டுவிடுவோம்' என்பவருக்கு புதுசு தப்பில்லை. ஆடிஷன் என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால் பழைய பிராண்டுதான்.

மீரட் ஜாலி கோட்டியிலிருந்து வரும் பேண்ட் கருவிகள் பற்றியும் கேட்பார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டிய பிஸ்டன் கருவிகளுக்கு அது பேர்போன இடம். ரோட்டரி டபுளை அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பழையதை எப்படிப் பார்ப்பது? நேரில் பார்ப்பது உத்தமம்; முடியாவிட்டால் விற்பவரை வீடியோ காலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் வால்வு அழுத்தாமல் முதல் வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழலை) இரண்டு செ.மீ. வெளியே இழுக்க வேண்டும். பத்து விநாடி காத்திருந்து வால்வை அழுத்தினால் 'பக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் ரோட்டர் தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்லைடு கசிகிறது. டபுளில் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு ஸ்லைடு இருக்கும். ஆறையும் பார்க்க வேண்டும். சத்தம் கேட்கவில்லை என்று விற்பவர் 'மைக்ல வராது சார்' என்று மழுப்பினால், வராதது மைக்கில் இல்லை.

பிறகு வால்வின் பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே தட்டிலும் அச்சிலும் சின்னக் கீறல்கள் இருக்கும். வால்வை விட்டிருக்கும்போது ஒரு ஜோடியும் அழுத்தும்போது ஒரு ஜோடியும் நேர்கோட்டில் சேர வேண்டும். சேரவில்லையென்றால் தடுப்புக் கார்க் தேய்ந்திருக்கிறது. இது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம். ஆனால் விலை பேச நல்ல காரணம்.

மூன்றாவது லீட்பைப். மவுத்பீஸ் நுழையும் முதல் குழல். அதில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவில் கறுப்பு முனை இருந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. உள்ளிருந்து அரித்து வெளியே தெரிகிறது என்றால் இன்னும் கொஞ்ச நாளில் ஓட்டை விழும். பெல்லில் ஒடுக்கு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், லீட்பைப்பில் ஒடுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். இடது கை படும் தோல் உறையை அவிழ்த்து அடியிலும் பாருங்கள். வியர்வை ஊறி அரித்திருப்பது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஏதாவது ஒரு பிரேஸ், அதாவது குழலையும் குழலையும் பிணைக்கும் சின்னத் தண்டு, விட்டுப்போயிருந்தால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் கொடுத்து ஊதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். வெள்ளி வேலையில் பொடி வைத்து ஊதும் பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஹார்னின் பிரேஸ்களைப் பிடித்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்று. 190 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். கொலுசுக்காரர் ஒன்றை ஒட்டி முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் நாலு ஒட்டும் கழன்றுவிடும், மேல்பூச்சான லேக்கரும் கருகும். கைத்திறன் குறைவால் அல்ல, அவர் பழகிய சூடு வேறு. பிரேஸ் விட்டதை நூலால் இறுகக் கட்டி வைத்துவிட்டு, பித்தளைக் காற்றுக்கருவி பார்ப்பவர் கிடைக்கும்வரை பொறுங்கள்.

வாங்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை முதல் சர்வீஸுக்கு என்று ஒதுக்கிவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். பெல் கழற்றக்கூடிய மாதிரி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். முப்பது செ.மீ. விட்டமுள்ள பெல்லைத் தனியே கழற்றிவிட்டால் பெட்டி பாதியாகிவிடும்; ரயிலில் மேல் பெர்த்துக்கும், ஏற்காட்டு பஸ்ஸில் காலுக்கு இடையிலும் அடங்கும். நிக்கல் சில்வரா பித்தளையா, குழல் சுற்று க்ருஸ்பே மாதிரியா கேயர் மாதிரியா என்ற வாதங்கள் இரண்டு ஹார்னையும் ஊதிப் பார்க்கிற வசதி உள்ளவர்களுக்கு. இங்கே கிடைத்ததில் கசியாதது எது என்பதுதான் முக்கியம்.

நூலா, பால் ஜாயின்ட்டா

நெம்புகோலை அழுத்தினால் ரோட்டர் சுழல வேண்டும். அதை இணைப்பது நூலாக இருக்கலாம், அல்லது உலோகக் குண்டுமூட்டாக இருக்கலாம். குண்டுமூட்டுக்குக் கட்ட வேண்டிய வேலை இல்லை. ஆனால் தேய்ந்தால் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும், மாற்றுப் பாகம் கம்பெனியிலிருந்து வர வேண்டும். நூல் அறுந்தால் பதினைந்து நிமிஷத்தில் வீட்டிலேயே கட்டலாம். சேலத்தில் இருப்பவருக்கு நூல்தான். தயக்கமே வேண்டாம்.

நூல் என்றால் தையல் நூல் இல்லை. பருத்தி இழுபடும், ஒற்றை இழை நைலான் வழுக்கும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் 'பின்னல் நூல்' என்று கேட்டு, 25 முதல் 30 கிலோ தாங்கும் ரகத்தில் வாங்குங்கள். மேட்டூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடலாம். ஒரு வால்வுக்கு 20 செ.மீ. போதும்.

கட்டும் முன் பக்கத்து வால்வை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பாதி வழியில் குழம்பினால் அதுதான் குரு. நெம்புகோலின் கையில் இருக்கும் திருகையும் ரோட்டர் தலையில் இருக்கும் திருகையும் ஒரே ஒரு சுற்று தளர்த்தவும். முழுதாகக் கழற்றினால் அந்தக் கடுகளவு திருகு தரையில் விழுந்து காணாமல் போகும். நூலின் ஒரு முனையில் முடிச்சு. மறுமுனையைத் தீக்குச்சியில் லேசாக வாட்டி, உருட்டி, ஊசி போல் ஆக்குங்கள். நெம்புகோல் கையின் நடுவில் இருக்கும் துளைக்குள் விட்டு முடிச்சில் நிறுத்தவும். அங்கிருந்து ரோட்டர் தலையின் ஒரு பக்கமாகச் சுற்றிப் போய், தலையின் திருகை ஒரு வளையம் போட்டு, மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் எட்டு போல் தெரியும். பிறகு கையின் நுனித் துளை வழியாக விட்டு, அங்கிருக்கும் திருகைச் சுற்றி, கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டே முறுக்கவும்.

கடைசியில் உயரம். தலையின் திருகை மட்டும் லேசாகத் தளர்த்தி, நெம்புகோலைப் பக்கத்து நெம்புகோல்களின் மட்டத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினால் முடிந்தது. அழுத்தும்போது ரோட்டர் அசையவே இல்லை, அல்லது முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் எட்டைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். அவிழ்த்து மறுபடி போட வேண்டியதுதான்.

எண்ணெய் மூன்று வகை. ரோட்டருக்குள் ஸ்லைடு வழியாக விடும் மெல்லியது, மூடிக்கு அடியில் அச்சுக்கு விடும் நடுத்தரம், நெம்புகோல் கீலுக்கு விடும் கெட்டியானது. பேண்ட் செட்டில் சிலர் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். கீழே சேலத்தில் அது ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் ஏற்காட்டில் பாட்டிலிலேயே கட்டியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். அழுத்திய வால்வு திரும்பாமல் நின்றுவிடும். போகப்போக அது சிக்குப் பிடித்துப் பிசினாகும், அப்புறம் சேலத்திலும் ஓடாது.

மேலே ஏற்காடு, கீழே சேலம்

மலைமேல் காற்று லேசு, அதனால்தான் சுருதி இறங்குகிறது என்று சொல்வதைக் கேட்கலாம். உயரத்துக்கும் சுருதிக்கும் சம்பந்தம் இல்லை. ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது; ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 3 சென்ட் இறங்கும். சேலத்தில் 32 டிகிரி அறையில் சரிபார்த்த ஹார்னை 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் 14 டிகிரி விடியலில் எடுத்தால், கணக்குப்படி அரை அரைச்சுரம் இறங்கியிருக்கும். ஊத ஊத மூச்சின் சூடு குழலில் ஏறி அதில் பெரும்பகுதி மீண்டுவிடும். ஆகவே குளிரில் பெட்டியைத் திறந்த கையோடு டியூனரைப் பார்த்து ஸ்லைடை உள்ளே தள்ளாதீர்கள். முதலில் ஐந்து நிமிஷம் சத்தமில்லாமல் வெறும் மூச்சை விடுங்கள், பத்து நிமிஷம் மெதுவாக வாசியுங்கள், பிறகு டியூனர்.

டபுள் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சின்னச் சிக்கல் கூடுதல். வெயில் காலத்தில் சுருதி ஏறி, மெயின் ஸ்லைடை ஒரு செ.மீ. இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு கால் என்பதால் குழல் இரண்டு செ.மீ. நீளும். எஃப் பக்கம் சுமார் 9 சென்ட் இறங்கும். குழல் குட்டையான பி ஃபிளாட் பக்கம் 12 சென்ட்டுக்கு மேல் இறங்கும். கட்டைவிரலை மாற்றும் இடத்தில் ஒரு நெளிவு கேட்கும். எஃப் பக்கத்துக்கென்று இருக்கும் டியூனிங் ஸ்லைடைக் கூடுதலாக மூன்று மி.மீ. இழுத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். சிங்கிளில் இந்த வேலையே இல்லை.

சித்திரை வெயிலில் கார் டிக்கியில் ஹார்னை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்லைடு கிரீஸ் இளகி ரோட்டருக்குள் வழியும், வால்வு மந்தமாகும். கழுவுவதற்குப் போர்வெல் தண்ணீரும் வேண்டாம். உப்புக் கடினம் குழலுக்குள் வெள்ளையாகப் படியும். ஆர்.ஓ. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி விடுங்கள். மவுத்பீஸ் இறுகி மாட்டிக்கொண்டால் கட்டிங் பிளேயரைத் தேடாதீர்கள். முறுக்கினால் லீட்பைப் பிரேஸ்தான் முதலில் போகும். அதற்கென்று மவுத்பீஸ் புல்லர் என்று ஒரு சாமான் உண்டு.

யாரிடம் கற்பது

உள்ளூர் ட்ரம்பெட் வாத்தியார், ஆன்லைனில் ஹார்ன் வாத்தியார், மாதம் ஒருமுறை பெங்களூரோ சென்னையோ போய்வருவது. மூன்றில் முதலிரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். மூச்சு, லயம், ஸ்கேல், தினசரி ஒழுங்கு இதெல்லாம் ட்ரம்பெட்காரர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் விடக்கூடாதவை இரண்டு. மவுத்பீஸ் மேலுதட்டில் மூன்றில் இரண்டு பங்கு, கீழுதட்டில் ஒரு பங்கு உட்கார வேண்டும். ட்ரம்பெட்டில் பாதிக்குப் பாதி வைத்துப் பழகியவர்கள் அதையே சொல்வார்கள். வலது கை பெல்லுக்குள் இருக்க வேண்டும்: விரல்கள் ஒட்டி, கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து, தண்ணீர் மொள்ளுவது போல் குவிந்து, விரல்களின் பின்புறம் பெல்லின் உட்சுவரில் படும்படி. உள்ளங்கை ரொம்ப மூடினால் சுருதி இறங்கி ஓசை மூக்கடைத்தது போலாகும். கையை எடுத்துவிட்டால் ஏறும்.

ஆன்லைன் வகுப்பில் ஒரு வினோதம் நடக்கும். நீளமாக ஒரே ஸ்வரத்தை ஊதினால், அதை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து ஆப் அழித்துவிடும். வாத்தியாருக்கு ஸ்வரம் தேய்ந்து மறைவதாகக் கேட்கும், 'மூச்சு பத்தலை' என்பார். செட்டிங்கில் இரைச்சல் குறைப்பை அணைத்துவிட்டு ஊதுங்கள். ஃபோனைப் பெல்லுக்குப் பின்னால் வைக்காமல், இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். பெல் பின்னோக்கி இருப்பதால், முதுகுக்குப் பின்னால் ஒன்று ஒன்றரை மீட்டரில் வெறும் சுவர் இருக்குமாறு உட்கார்ந்தால் ஓசை முன்னால் வரும். மெத்தை, திரைச்சீலைக்கு முதுகு காட்டினால் பாதி ஓசை அங்கேயே போய்விடும்.

கிரேடு தேர்வா, ஆடிஷனா

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் இசைத் தேர்வு அமைப்புகள் இரண்டும் ஹார்னுக்குக் கிரேடு தேர்வு நடத்துகின்றன. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடுக்கு முன் தியரி ஐந்தாம் கிரேடு அல்லது அதற்குச் சமமான ஒன்று முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. படிப்புச் சுமை உள்ள பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடை வீடியோவிலேயே அனுப்பலாம்: நாலு உருப்படி, நடுவில் நிறுத்தாமல் ஒரே பதிவு. நடுவில் குழலில் தேங்கும் தண்ணீரை வடிக்கும் நேரத்தையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து பயணம் மிச்சம். ஆனால் வீடியோவில் நாற்பது தடவை எடுத்து நல்லதை அனுப்பிப் பழகியவருக்கு ஆடிஷன் வாசலில் கால் நடுங்கும்.

ஆடிஷன் வேறு விளையாட்டு. மும்பை என்சிபிஏவில் (தேசிய நிகழ்த்துகலை மையத்தில்) 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா போன்ற இடத்தையோ வெளிநாட்டு இசைக் கல்லூரியையோ குறிவைத்தால் வழக்கமாக ஒரு மோட்சார்ட் கான்செர்ட்டோவின் முதல் பகுதியும், ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகள் சிலவும் கேட்பார்கள். மேல் ஹார்னுக்கு சைக்காவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி இரண்டாம் பகுதித் தனி, கீழ் ஹார்னுக்கு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மூன்றாம் பகுதியில் நாலாம் ஹார்ன் தனி, இப்படி. சிங்கிள் வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் சமாளிக்க முடியாது. டபுள் வேண்டும் என்று மேலே அழுத்திச் சொன்னது இதனால்தான்.

தபேலா போல சுருதி மாற்றிக் கட்டிக்கொள்ள ஹார்னில் வழியில்லை. பழைய ஆர்க்கெஸ்ட்ரா ஹார்ன் பகுதிகள் ஈ ஃபிளாட், டி, சி என்று பல சுருதியில் எழுதப்பட்டிருக்கும், வாசிப்பவர்தான் மனதுக்குள் மாற்ற வேண்டும். எஃப் ஹார்ன் கணக்கில் ஈ என்றால் ஒரு அரைச்சுரம் கீழே, ஈ ஃபிளாட் இரண்டு கீழே, டி மூன்று கீழே, சி ஐந்து கீழே. ஜி இரண்டு மேலே, ஏ நாலு மேலே. கிரேடு தேர்வுக்கு மட்டும் பழகியவர் தடுமாறும் இடம் இதுதான். தினமும் பத்து நிமிஷம், ஒரே எட்டு பார் மெட்டை இந்த ஆறு சுருதியிலும் மெட்ரோனோம் வைத்து வாசித்தால் மூன்று மாதத்தில் கண் பழகிவிடும்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது மாடிப்படியில் இரண்டு தடவை வேகமாக ஏறி இறங்கி, மூச்சு அடங்கும் முன் பட்டியலில் கடினமான பகுதியை ஒரே ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அந்த முதல் தடவைதான் ஆடிஷன். உடைந்தால் அன்றைக்கு அதை மறுபடி தொடாதீர்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி.

மும்பைக்கு ரயில் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நாலு வால்வின் நூலையும் மாற்றிவிடுங்கள், முந்தைய நாள் வேண்டாம். புது நூல் இரண்டு மூன்று நாள் இழுபடும்; நெம்புகோல் மட்டம் இறங்கி விரல் இடம் தவறும். அந்த வாரத்துக்குள் ஒருமுறை உயரத்தைத் திரும்பச் சரிசெய்து, மிச்ச நூலில் 20 செ.மீ. துண்டுகள் இரண்டையும், முனை வாட்டித் தயாராக வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் மவுத்பீஸ் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.